நாலு வீதிக்கு ஒரே கடிகாரம்: கேமராவில் டைம்கோடு வைக்கும் முறை

கும்பகோணத்தில் வீடியோ தொழில் செய்கிறேன். கல்யாணங்களுக்கு நடுவே கோயில் திருவிழாவும் வரும். டைம்கோடு என்பது எடுக்கும் ஒவ்வொரு படத்தின் (ஃபிரேம்) மேலும் கேமரா பதியும் கடிகார எண். அந்தச் சமாசாரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது திருவாரூர் ஆழித்தேர்தான். தேரோட்டத்துக்குக் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று ஆளுக்கொரு கேமராவாக நாலு பேர் நிற்போம். முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்தும்போது நாங்களும் பதிவை நிறுத்துவோம். வடம் மறுபடி இழுபட்டால் மறுபடி ஓட்டுவோம். அப்படி ஒரு வருடம் 4 கேமராவிலும் சேர்ந்து 200 துண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எது எப்போது எடுத்தது என்று நாதஸ்வரத்தைக் காதால் கேட்டுக் கேட்டு ஒட்ட, எனக்கு 9 நாள் பிடித்தது.

காரணம் ஒரு சுவிட்ச். எல்லாக் கேமராவும் ரெக் ரன்னில் கிடந்தன. ரெக் ரன் தேர் மாதிரி, நிறுத்தினால் எண்ணும் நின்றுவிடும். ஃப்ரீ ரன் மணிக்கூண்டு மாதிரி, நீங்கள் பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பல கேமரா வேலைக்கு ஃப்ரீ ரன்தான். பக்கத்திலேயே ப்ரீசெட், ரீஜென் என்று இன்னொரு தேர்வு இருக்கும். ரீஜென் என்றால் கார்டில் கடைசியாக இருந்த எண்ணிலிருந்து தொடரும். நமக்கு அது வேண்டாம், நாமே வைக்கும் எண்ணிலிருந்து ஓடும் ப்ரீசெட்டில் வையுங்கள்.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது. நம் ஊரில் 25. மணி, நிமிடம், நொடிக்குப் பிறகு வரும் கடைசி இரண்டு இலக்கம் 00 முதல் 24 வரை ஓடும். ஒருமுறை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் கேமராவை இரவல் வாங்கினோம். அது 29.97-இல் இருந்தது. அந்தக் கணக்கில் டிராப் ஃபிரேம் போடாவிட்டால், ஒரு மணி நேரத்தில் எண் நிஜக் கடிகாரத்தைவிட 3.6 நொடி பின்தங்கும். டிராப் ஃபிரேம் போட்டால் படம் எதுவும் விழாது. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களை மட்டும் தாண்டிவிடும், பத்தாவது நிமிடத்தில் தாண்டாது. 25-இல் இந்தத் தொல்லையே இல்லை. அதனால் முதலில் எல்லாக் கேமராவையும் 25-க்குக் கொண்டுவாருங்கள்.

சரி, இப்போது பின்பக்கம். டிசி (டைம்கோடு) இன், டிசி அவுட், ஜென்லாக், படம் வெளியே போகும் எஸ்டிஐ அவுட், எல்லாமே ஒரே மாதிரி, வயர் மாட்டும் பி.என்.சி. துளைகள். சில கேமராவில் டிசிக்கு ஒரே துளைதான், உள்ளே போவதா வெளியே வருவதா என்பதை மெனுவிலோ சுவிட்சிலோ மாற்ற வேண்டும். எழுத்து தேய்ந்த கேமராவில் எங்கள் தம்பி ஒருவன் எல்.இ.டி. திரைக்குப் போகும் வயரை டிசி அவுட்டில் மாட்டிவிட்டு, "அண்ணே, திரை செத்துப்போச்சு" என்று கத்தினான். அன்றிலிருந்து டிசிக்கு மஞ்சள் டேப், படத்துக்குச் சிவப்பு டேப்.

தேர் நகர்வதற்கு முன் நாலு கேமராவையும் ஒரு இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றைத் தலைவனாக்கி, அதன் டிசி அவுட்டிலிருந்து 75 ஓம் வயரை அடுத்ததன் டிசி இன்னில் மாட்டுங்கள். வெளியிலிருந்து டைம்கோடு கிடைத்ததற்கான அடையாளம் வியூஃபைண்டரில் வரும். பத்து நொடி விட்டுக் கழற்றி, எண் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு திரைகளை அருகருகே வைத்து, செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். எண்கள் ஒத்துப்போனால் அவரவர் வீதிக்குப் போகலாம். கழற்றிய பின் ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தில்தான் ஓடும், மெல்ல விலகும். மதியச் சாப்பாட்டுக்குக் கூடும்போது இன்னொரு முறை மாட்டிவிடுவோம். பாட்டரி மாற்றினாலும் எண்ணைச் சரிபாருங்கள்.

ஜென்லாக் வேறு சங்கதி. டைம்கோடு எண்ணை ஒன்றாக்கும். ஜென்லாக் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே கணத்தில் தொடங்கச் செய்யும். பிறகு எடிட் செய்வதற்கு அது இல்லாமலே சமாளிக்கலாம்.

டிசி இன் இல்லாத சின்னக் கேமரா இருந்தால், டைம்கோடு ஒலியை அதன் ஒரு ஆடியோ சேனலில் பதியலாம். கேட்டால் சில்வண்டு கத்துவது போல இருக்கும். ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைத்து, அளவைக் குறைத்து வையுங்கள். மேளத்தை மற்ற சேனலில் எடுங்கள்.

கமலாலயத் தெப்பம் மாதிரி இரவு வேலைக்கு ஒரு எச்சரிக்கை. நிஜ மணியையே வைத்தால் நள்ளிரவில் 23:59:59:24-க்கு அடுத்து எல்லாம் சைபர். எடிட்டில் தெப்பத்தின் கடைசிச் சுற்று முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் மாலை 6 மணியை 06:00:00:00 என்று வைத்துவிடுவேன். தேதியையும் கேமரா எண்ணையும், டைம்கோடோடு நாம் விரும்பியதைப் பதிய இருக்கும் யூசர் பிட்டின் 8 இலக்கத்தில் போட்டுக்கொள்வேன்.