வெளிநாட்டு பையர் பணம் தரவில்லையா? வெளியுறவு அமைச்சகத்தை அணுகும் முறை

ஷார்ஜாவுக்குப் பனியன் சரக்கை அனுப்பிவிட்டு, பையரிடமிருந்து (வாங்கியவரிடமிருந்து) பணம் வராமல் தவிக்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர், எடுத்த எடுப்பில் டெல்லிக்கு, அமைச்சர் பெயருக்கே மனு எழுதிவிடுகிறார். அந்த மனு வீணாகாது; ஆனால் சுற்றிக்கொண்டுதான் வரும். அமைச்சருக்குக் கீழே வெளியுறவுச் செயலாளரும் வேறு சில செயலாளர்களும், அவர்களுக்குக் கீழே இணைச் செயலாளர்களின் பொறுப்பில் நாடுவாரிப் பிரிவுகளும் உள்ளன. வளைகுடாப் பிரிவுக்கு வந்து சேரும் மனுவை, அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் கருத்தைக் கேட்காமல் டெல்லி நகர்த்தாது. ஆகவே நேராகத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கே எழுதுங்கள்.

எந்த அலுவலகம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமீரகத்தில் தூதரகம் இருப்பது அபுதாபியில்; ஷார்ஜாவோ துபாயிலுள்ள துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியிலேயே பையரின் பெயர், முகவரி, வணிக உரிம எண், இன்வாய்ஸ் எண், கப்பல் ரசீதின் எண்ணும் தேதியும், வர வேண்டிய தொகை ஆகியவை இருக்கட்டும். பர்ச்சேஸ் ஆர்டரையும், முக்கியமாக, பாக்கி உண்டென்று பையரே ஒப்புக்கொண்ட மின்னஞ்சலையும் இணையுங்கள். அதிகாரி அவரை அழைத்துப் பேசும்போது பிடிமானமாக நிற்பது அந்த மின்னஞ்சல்தான். தொழில் நொடித்த கதையை விரித்து எழுதினால் இந்த விவரங்கள் அதில் புதைந்துபோகும்.

தூதரகம் பையரிடம் விசாரிக்கலாம், சமரசத்துக்கு வற்புறுத்தலாம், உத்தரவிட முடியாது. தூதர்களுக்கான 1961 வியன்னா உடன்படிக்கையும், துணைத் தூதரகங்களுக்கான 1963 உடன்படிக்கையும், அந்தந்த நாட்டுச் சட்டத்தை மதித்து உள்விவகாரங்களில் தலையிடாதிருக்கக் கட்டளையிடுகின்றன. வசூல் அங்குள்ள நீதிமன்றத்தின் வேலை.

வழக்கு என்றானால், அங்குள்ள வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) அனுப்ப வேண்டியிருக்கும். பையர் பிரான்சில் இருந்தால், ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கச் செய்யும் அப்போஸ்தில் முத்திரை போதும். இந்தியா அந்த முத்திரைக்கான சர்வதேச உடன்படிக்கையில் 2005 முதல் இருக்கிறது. அமீரகம் அதில் இல்லாததால், நோட்டரி, மாநில அரசு அல்லது வணிகச் சபையின் சான்று, வெளியுறவு அமைச்சகத்தின் சான்று, இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகத்தின் சான்று என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒரு படியைத் தவறவிட்டாலும் பத்திரம் திரும்பி வரும். அமைச்சகத்தின் சான்றுக்கான ஆவணங்களை அது அங்கீகரித்த முகமைகள் வழியாகவே கொடுக்க வேண்டும். கோவை பாஸ்போர்ட் அலுவலகம் இதே அமைச்சகத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

வெளிநாட்டிலுள்ள இந்தியர்களின் குறைகளுக்காக வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய ‘மதத்’ (MADAD) இணையதளத்தைச் சிலர் இதற்கும் பரிந்துரைக்கிறார்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்ச் சம்பளம் கிடைக்காத டெய்லருக்கு அது சரியான இடம். வணிகப் பாக்கிக்கு அன்று. சுங்க வரி பற்றிய குறையோ நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது.

சரக்குக்கு ஈசிஜிசி (ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனம்) காப்பீடு எடுத்திருந்தால், தூதரகத்தின் பதிலுக்குக் காத்திராமல், பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் பாக்கியை அங்கே தெரிவித்துவிடுங்கள். கெடு தவறினால் இழப்பீடு கேட்பதே சிக்கலாகிவிடும்.