மதிலோரம் கட்டி வைக்கும் பை: திருகோணமலையில் குப்பை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீதியில் குப்பை எறிபவர்களை எல்லோரும் திட்டுகிறோம். ஆனால் துப்புரவானவர்கள் என்று பெயரெடுத்த வீடுகளிலேயே நடக்கும் ஒரு தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. மிஞ்சிய சோறு கறியைச் சொப்பிங் பையில் போட்டு, இறுக்கி முடிந்து, மதிலோரம் வைத்துவிட்டுப் போவது.

அந்தப் பையைக் குப்பை வண்டிக்கு முன்னரே மான்கள் கண்டுவிடுகின்றன. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் திரியும் புள்ளிமான்கள் நகருக்குள்ளும் வந்து மேய்கின்றன. முடிச்சை அவிழ்க்க அவற்றால் முடியுமா? உப்பும் கறி மணமும் ஊறிய பொலித்தீனையும் சேர்த்தே விழுங்குகின்றன. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அது செரிக்காமல் தங்கித் திரண்டு போகிறது. வயிறு நிறைந்தே இருக்கும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. வெளியே ஒரு காயமும் இல்லாமல் மெலிந்து மெலிந்து செத்துப்போகும். மாடுகளுக்கும் இதே கதிதான்.

சாப்பாட்டு மிச்சத்தை மூடியுள்ள வாளியில் வைத்திருந்து, வண்டி வரும்போது கொடுங்கள். வளவு உள்ளவர்கள் கிடங்கு வெட்டித் தாட்டால் இன்னும் நல்லது. கோட்டைக்குள் மானுக்குப் பழம் கொடுப்பதையும் விட்டுவிடலாம் என்பேன். பையைக் கண்டால் சாப்பாடு என்று அது பழகிக்கொள்கிறது.

அடுத்தது வடிகான். பின்குடாவுக்கும் உட்துறைமுகத்துக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நகரம் இது. வெயில் காலத்தில் வடிகானில் போட்ட போத்தல் மாரி மழை வரும்வரை அங்கேயே கிடக்கும். மழை தொடங்கினால் ஒன்றில் அடைத்துக்கொண்டு வீதியில் வெள்ளம் நிற்கும், இல்லையென்றால் நேரே கடலுக்குப் போய்விடும்.

யோகட் கப், சிரட்டை, இளநீர்க் கோம்பை ஆகியவற்றை வளவின் மூலையில் குவித்துவிட்டு, தேங்கிய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டோம்தானே என்று இருப்பதும் தவறு. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். 2017இன் தொடக்கத்தில் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. வைத்திருக்கும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், வேண்டாததை உடனே அப்புறப்படுத்துங்கள்.

பொலித்தீனைக் கொளுத்திவிட்டால் முடிந்தது என்பவர்களுக்கு ஒரு சொல்: திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பது இலங்கையில் 2017 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகிறது.

“வரி கட்டுகிறோம், சபை அள்ளட்டும்” என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. அள்ளுவது சபை என்ற பெயர்ப்பலகை இல்லை, ஒரு மனிதர். பல நேரம் கையுறை கூட இருக்காது. உடைந்த கண்ணாடி, சவர பிளேட், ஊசி எதையும் மற்றக் குப்பையோடு கலக்காதீர்கள். தடித்த கடதாசியில் சுற்றித் தனியாகக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள்.