மஃப்ளர் படும் இடத்தில் மட்டும் பரு வருகிறதா?

குளிர் தொடங்கியதும் பரு கிளம்பினால், கிரீமை மாற்றுவதற்கு முன் கண்ணாடியில் அது எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். தாடை ஓரத்திலும் முகவாயிலும் கூடி நின்றால் மஃப்ளரையோ கழுத்தை மூடும் ஸ்வெட்டரையோ சந்தேகப்படலாம். நெற்றியில் குல்லாவின் விளிம்பு பதியும் கோட்டிலேயே வரிசை கட்டியிருந்தால் குல்லாதான். மூக்கு, மார்பு, முதுகு என்று எங்கும் பரவியிருந்தால் துணி மேல் பழி போட்டுப் பயனில்லை.

உரசலும் அழுத்தமும் தொடர்ந்தால் மயிர்க்காலின் வாய் தடித்து அடைபடும். கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த அடைப்பும் வீங்கிப் பருவாகும். ஈரம் இதை இன்னும் மோசமாக்கும். மூக்கையும் வாயையும் மூடி அரை மணி நேரம் நடந்துவிட்டு மஃப்ளரின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், நசநசவென்றிருக்கும். மூச்சின் ஈரமும் வியர்வையும் சேர்ந்தது அது. ஊறிய தோல் சீக்கிரம் உரசிப் புண்படும்.

அதற்காகக் கம்பளியைத் தூக்கிப் போட வேண்டாம். முகத்தில் படும் பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணியோ பட்டுத் துணியோ வைத்து, ஓரத்தில் நூலோட்டம் போடுங்கள். துவைக்கும்போது பிரித்துவிடலாம். குல்லாவுக்கு உள்விளிம்பில் 5 செ.மீ. அகலப் பட்டை போதும். நெற்றியில் தடம் பதிகிற அளவுக்கு இறுக்கம் கூடாது.

மஃப்ளர் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டுங்கள். இரண்டு மூன்று நாள் கட்டியதும் உள்துணியைத் துவைத்துவிட வேண்டும். ஈரமானதை அன்றே காயப்போடுங்கள், பைக்குள் சுருட்டி வைக்காதீர்கள். சோப்புத்தூளைக் குறைத்து, இரண்டு முறை அலசுங்கள். வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். கம்பளியைச் சூடான நீரில் கசக்கினால் சுருங்கிவிடும். 30 டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

முகத்தை இளஞ்சூட்டு நீரில் நாளுக்கு இருமுறை கழுவினால் போதும். தோல் வறள்கிறதே என்று கெட்டியான எண்ணெய்க் கிரீமை அப்பி, உடனே மஃப்ளரைச் சுற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. ‘நான்-காமெடோஜெனிக்’ (மயிர்க்காலை அடைக்காதது) என்று போட்ட மாய்ஸ்சரைசரை மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கட்டுங்கள். தலையில் எண்ணெயோ ஜெல்லோ தடவிக் குல்லா போட்டால் அதுவும் நெற்றிக்குத்தான் இறங்கும்.

மருந்து தேவைப்பட்டால் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடை இரவில் மெல்லிசாகத் தடவி, காலையில் நன்றாகக் கழுவுங்கள். சாயத்தை வெளுக்கும் மருந்து இது. கழுவாமல் கட்டினால் நிற மஃப்ளரில் திட்டுத் திட்டாக வெளுக்கும். தலையணை உறை வெள்ளையாக இருப்பது நல்லது.

ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு நெற்றியில் வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம்; பரு மருந்துக்கு அடங்காது. தொட்டால் வலிக்கும் கட்டிகள் வந்தாலோ, தழும்பு விழுந்தாலோ, ஆறு முதல் எட்டு வாரம் இப்படிச் செய்தும் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த மஃப்ளரையும் கையோடு எடுத்துப் போங்கள்.