பாத்திரத்தில் பிசுக்கு, சிங்க்கில் ஒழுக்கு

புதுப் பாத்திரத்தின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, பாதியில் கிழித்துவிட்டு விழிப்பவர்களுக்கு இது. மதுரையில் சித்திரை வெயில் சும்மாதானே அடிக்கிறது? நண்பகலில் பாத்திரத்தை அரை மணி நேரம் மொட்டை மாடியில் கவிழ்த்து வையுங்கள். சூட்டில் பசை இளகி, ஸ்டிக்கர் உரிந்து வரும். துணியால் பிடித்தெடுங்கள், எவர்சில்வர் கையைச் சுட்டுவிடும். மிஞ்சும் பிசுக்கில் தேங்காய் எண்ணெய் தடவி 10 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பசையை எண்ணெய்தான் இளக்கும், வெறும் தண்ணீருக்கு அது மசியாது. பிறகு சோப்பு. கம்பி நார் மட்டும் வேண்டாம், கீறல் விழுந்தால் போகாது.

சிங்க்கின் அடியில் சொட்டினால் உடனே பிளம்பரைத் தேடாதீர்கள். வாளியை வைத்துவிட்டு, கழிவுக் குழாயின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ரப்பர் வாஷர் விறைத்துப் போயிருக்கும். பழையதைக் கடைக்கே எடுத்துச் சென்று அதே அளவில் வாங்குங்கள். கண்ணளவை நம்பி நான் இரண்டு முறை நடந்தேன். சிங்க்கின் விளிம்பில் சிலிக்கோன் (இடுக்கில் நீர் கசியாமல் அடைக்கும் பசை) பூசுவதானால், பழையதைச் சுரண்டி, ஈரம் போகத் துடைத்துப் பூசி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒரு நாள்தான் பெரும்பாடு.