வயலோரம் மயில் எழ மாட்டாமல் கிடந்தால்

மதுரையை அடுத்த மேலூர், அழகர்கோவில், நாகமலைப் பக்கத்து வயல்களில் வரப்போரம் ஒரு மயில் எழாமல் உட்கார்ந்திருப்பதைக் காண்பவர் முதலில் செய்ய வேண்டியது, இருபது அடி தள்ளி நின்று சில நிமிடங்கள் பார்ப்பதுதான். ஆள் நெருங்கியதும் சுறுசுறுப்பாக விலகி ஓடினால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. தோகை இல்லாததை நோயென்று எண்ண வேண்டாம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்மயில் ஆண்டுதோறும் அதை உதிர்த்துவிடும். பகலில் கிளையில் பந்துபோல் சுருண்டிருக்கும் தேவாங்கும் நோயுற்றதன்று, அது இரவில் இரை தேடும் பிராணி.

மாறாக, இறக்கை தொங்கி, கழுத்து நிலைகொள்ளாமல் ஆடி, அலகில் எச்சில் வடியக் கிடக்கும் மயில், பூச்சிமருந்து கலந்த விதையைத் தின்றிருக்கக்கூடும். அருகில் தானியம் சிதறியிருந்தால் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த எண் கைவசம் இல்லையென்றால் 112, கிணற்றில் விழுந்த விலங்கென்றால் தீயணைப்புத் துறையின் 101. வீட்டுக்குத் தூக்கிச் சென்று வளர்க்க நினைப்பது, எவ்வளவு நல்லெண்ணமாக இருந்தாலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிக்கலில் கொண்டுபோய் விடும்.

காத்திருக்கும் நேரத்தில், செம்புத் தண்ணீரோடு ஓடி வருபவரைத் தடுப்பதுதான் உண்மையில் கடினமான வேலை. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியை ஒட்டியே திறந்திருப்பதால், அலகைப் பிரித்து ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் சோறும்கூட வேண்டாம். நான்குவழிச் சாலையின் நடுவே கிடப்பதால் நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், பழைய வேட்டியைத் தலையோடு சேர்த்துப் போர்த்தி, இறக்கைகளை உடலோடு அணைத்து, காலிலுள்ள முள் கிழிக்காதபடி கால்களைப் பிடித்துத் தூக்கி, துளையிட்ட அட்டைப்பெட்டியில் நிழலில் வைக்கலாம். இருட்டு அதன் பதற்றத்தைத் தணிக்கும்.

புள்ளிமானை மட்டும் துரத்திப் பிடிக்கவே கூடாது. ஓடிக் களைத்த மான், தசைகள் சிதைந்து, பிடிபட்ட சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துவிடுவதுண்டு. சுற்றியுள்ள நாய்களை விலக்கிவிட்டுத் தள்ளி நிற்பதே அதற்குச் செய்யும் உதவி.

குரங்கு, கீரி, நரி ஆகியவை தள்ளாடினாலோ, ஆளைக் கண்டு அஞ்சாமல் நெருங்கினாலோ வெறிநோயைச் சந்தேகிக்க வேண்டும். தரையில் கிடக்கும் வௌவாலையும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். கடியோ பிறாண்டலோ பட்டுவிட்டால், மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். காயம் சிறியதுதானே என்று மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

வனத்துறையினர் வருவதற்குள் விலங்கு இறந்துவிட்டால் நாமாகப் புதைத்துவிடக் கூடாது, ஏனெனில் உடற்கூறாய்வில்தான் காரணம் தெரியும். நஞ்சுண்டு செத்ததைத் தின்னும் நாய்க்கும் காகத்துக்கும் அந்த நஞ்சு பரவக்கூடும் என்பதால், அவர்கள் வரும்வரை ஒருவர் அங்கேயே காவல் நிற்பது நல்லது.