பன்றிக் கொட்டிலில் ஈர மூலை ஒன்று போதும்

புதுக் குட்டிகளைக் கொட்டிலில் விடும் முன், வடிகால் பக்கத்து மூலையை நன்றாக நனைத்து, அங்கே கொஞ்சம் பன்றிச் சாணம் போட்டு வையுங்கள். தீவனத் தொட்டி பக்கமும் படுக்கும் இடமும் காய்ந்திருக்கட்டும். பன்றி தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாது. ஈரமும் வாடையும் உள்ள மூலையையே தேடிப் போய்க் கழிக்கும். கண்ணை எரிக்கும் அம்மோனியா, சிறுநீரிலுள்ள யூரியாவைச் சாணத்திலுள்ள யூரியேஸ் நொதி சிதைப்பதால் வருவது. அசுத்தமாகும் தரை சுருங்கினால் அதுவும் குறையும், கழுவும் தண்ணீரும் மிச்சம். சாணத்தை வழித்தெடுத்துவிட்டு அப்புறம் கழுவினால் இன்னும் நல்லது.

கொட்டிலில் நெரிசல் இருந்தால் இது பலிக்காது. கடும் வெயிலிலும் அப்படித்தான்: வியர்வையால் உடம்பைக் குளிர்விக்க முடியாத பன்றி, ஈர மூலையில் போய்ப் படுத்துக்கொண்டு காய்ந்த தரையில் கழிக்கும். அப்போது முதலில் நிழலும் தெளிப்பு நீரும் கொடுங்கள், பாவம்.