இரண்டு கலரில் எது? சுவரில் அடிக்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஷேட் கார்டில் இருப்பது தபால்தலை அளவுச் சதுரம். அதே நிறம் நாலு சுவரிலும் ஏறினால், சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பி இன்னும் அழுத்தமாகத் தெரியும். படுக்கையறைக்கு இளஞ்சந்தனமா, வெளிர்சாம்பலா என்ற குழப்பத்தில் இருக்கிறீர்களா? இப்படிச் செய்து பாருங்கள்.

படி 1: இரண்டு ஷேடிலும் கடையில் கிடைப்பதிலேயே சின்ன டப்பா வாங்குங்கள். இரண்டும் ஒரே ஃபினிஷாக இருக்கட்டும். ஒன்று மேட், இன்னொன்று ஷீன் என்றால் பளபளப்புதான் கண்ணில் படும்.

படி 2: நேராகச் சுவரில் பூசாதீர்கள். பழைய மஞ்சள் சுவருக்கு நடுவே சாம்பலைப் பூசினால் நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி கெட்டி வெள்ளை அட்டைகளை எடுத்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாகவே விட்டு, இரண்டு கோட் அடியுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் அழுத்தமாகும். மறுநாள் பாருங்கள்.

படி 3: இதுதான் முக்கியம், அவசரப்பட வேண்டாம். அட்டைகளைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். தரையில் படுக்கப் போட்டால் வெளிச்சம் வேறு மாதிரி விழும். ஜன்னலுக்கு எதிரே, ஜன்னல் பக்கச் சுவரில், மூலையில் என்று இடம் மாற்றிப் பாருங்கள். மேற்கு ஜன்னல் என்றால் மாலை வெயில் சாம்பலைக்கூட மஞ்சளாக்கிவிடும். சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் சுவரின் கீழ்ப்பகுதியில் அதன் சாயல் ஏறும்.

அப்புறம் இரவு. விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 6500 கெல்வின் டியூப்லைட் நீலம் கலந்த வெள்ளை; அதில் சந்தன நிறம் வெளிறிப்போகும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள வார்ம் ஒயிட் பல்பில் சாம்பல் லேசாகப் பழுப்படிக்கும். எந்த விளக்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைப் போட்டுப் பாருங்கள். படுக்கையறையில் நாம் கண் விழித்திருப்பது பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தான். அதனால் பகலில் ஒன்று, இரவில் இன்னொன்று பிடித்தால் இரவில் பிடித்ததற்கே என் ஓட்டு.

போனில் படம் எடுத்து யாரிடமாவது கேட்பதானால் இரண்டு அட்டையும் ஒரே படத்தில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் கேமரா ஒவ்வொன்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

படி 4: இன்னும் இழுபறியா? ஷேடின் எல்ஆர்வி (LRV) எண்ணைக் கடையில் கேளுங்கள். அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கான எண் அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. ஜன்னல் சின்னதாக இருந்தால் எண் அதிகமுள்ளதை எடுங்கள்.

முடிவானதும் பெயின்டரிடம் ஷேட் எண்ணையே எழுதிக் கொடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.